ஒரே தடம், இரண்டு வண்டி



சென்ற திங்கள் இப்பகுதியில் வீட்டு மின் அளவியைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நம் சங்கத்து அம்மையார் ஒருவர் மடல் விடுத்திருக்கின்றார். அவருடைய மகள் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றுகின்றார். மூன்று வாரங்களாக இரவு பகல் பாராது ஒரு பிழையைத் தேடினாராம். கடைசியில் என்ன செய்தாய் என்று தாயார் வினவியபோது, "இருபது வரியை எடுத்துவிட்டேன் அம்மா, அவ்வளவுதான்" என்றாராம். "எழுதுவதற்குச் சம்பளம் தருவதை அறிவோம். அழிப்பதற்கும் சம்பளம் உண்டோ? 'ரேஸ் கண்டிஷன்' என்கிறாள். கணிப்பொறிக்குள் எந்தக் குதிரை ஓடுகிறது? தாங்களாவது விளக்குங்கள்" என்பது அம்மையாரின் கேள்வி.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் குடும்பங்களில் இன்று வீட்டுக்கு ஒரு பிள்ளையேனும் இத்தொழிலில் இருக்கின்றது. பெங்களூரில் இருக்கிறான், புனேயில் இருக்கிறாள் என்று ஊரைச் சொல்கின்றோம். மாதச் சம்பளத்தையும் சொல்கின்றோம். அங்கே அவர்கள் செய்வது யாது என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பதற்கு மேல் நமக்குச் சொல்ல வருவதில்லை. பிள்ளை முகம் வாடி வரும்போது அதன் காரணம் நமக்கு விளங்காமல் போவதற்கு இதுவே முதற்காரணம். ஆதலின் இத்திங்கள் இதனையே எடுத்துக்கொள்கின்றோம். நாம் இருப்புப்பாதை ஊழியர். நம் தொழிலின் வழியாகவே இதனை விளக்க முயல்வோம். அது பொருத்தமற்றதன்று என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

முதலில் பெயர்களைத் தெளிவு செய்துகொள்வோம். கணிப்பொறியில் ஒரே வேளையில் பல வேலைகள் நடைபெறுகின்றன. பாட்டுக் கேட்கின்றோம், கடிதம் எழுதுகின்றோம், அச்சிடுகின்றோம். இவை ஒன்றோடொன்று மோதாதபடி இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் தலைமை நிர்வாகமே இயக்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம். விசைப்பலகை, அச்சுப்பொறி, தொடர்புக் கம்பி ஆகிய ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பேச்சு உண்டு. அந்தப் பேச்சறிந்து, நிர்வாகத்திற்கும் கருவிக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் நிரலுக்கு 'டிவைஸ் டிரைவர்' என்று பெயர். கருவி இயக்கி என்று தமிழில் சொல்லலாம். இது நிர்வாகத்தின் உள்ளறையிலேயே அமர்ந்து பணி செய்வது. ஆகையால் இதில் நேரும் தவறு ஒரு மேசையோடு நிற்பதில்லை. அலுவலகம் முழுவதையும் தாக்கவல்லது.

'ரேஸ் கண்டிஷன்' என்பது யாது? ஒரே பொருளை இரு கைகள் ஒரே வேளையில் தொடுகின்றன. எந்தக் கை முந்துகின்றது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகின்றது. அந்நிலைக்கே அப்பெயர். முந்துவதைப் பற்றியது ஆதலின் 'ரேஸ்' என்றனர். பந்தய நிலை என்று நாம் வழங்குவோம்.

இருவர், ஒரு பதிவேடு

நம் நாட்டில் 1980-களின் நடுவில் கணிப்பொறி முன்பதிவு வருவதற்கு முன்னர், வண்டி தோறும் நாள் தோறும் காகிதப் பதிவேடு இருந்தது. இன்ன வண்டிக்கு இன்ன சாளரம் என்று வகுத்திருந்தனர். "பக்கத்துச் சாளரத்தில் ஆளே இல்லை, இங்கு மட்டும் ஏன் இத்துணை நீண்ட வரிசை?" என்று பயணிகள் சலித்துக்கொண்டதை மூத்த ஊழியர்கள் இன்றும் சொல்வர். அந்தச் சலிப்புக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது.

பதிவேட்டை இரண்டு சாளரங்களுக்கும் நடுவில் வைத்து, இரு குமாஸ்தாக்களும் அதிலிருந்தே கொடுக்கலாம் என்று விட்டிருந்தால் என்ன நேரும்? எஞ்சியிருப்பது 47-ஆம் படுக்கை ஒன்றே எனக் கொள்வோம். முதல் குமாஸ்தா பதிவேட்டைப் பார்க்கின்றார், படுக்கை காலி. சாளரம் திரும்பிப் பயணியிடம் பணம் எண்ணி வாங்குகின்றார். அதற்குள் இரண்டாம் குமாஸ்தா பதிவேட்டைப் பார்க்கின்றார்; இன்னும் காலிதான். அவரும் பணம் வாங்குகின்றார். பின்னர் இருவரும் சீட்டு எழுதுகின்றனர். இரவில் இரண்டு குடும்பங்கள் ஒரே படுக்கைக்கு முன் நின்று வாதாடுகின்றன.

இங்கே பொய் சொன்னவர் யார்? எவரும் இல்லை. விதி மீறியவர் யார்? எவரும் இல்லை. பார்த்தல், பணம் வாங்குதல், எழுதுதல் என்னும் மூன்றையும் ஒவ்வொருவரும் முறைப்படியே செய்தனர். ஒருவருடைய வேலையைத் தனியே எடுத்துச் சோதித்தால் குற்றம் தென்படாது. இருவர் வேலையும் ஒன்றனுள் ஒன்று புகுந்த அந்தச் சிறு இடைவெளியில்தான் குற்றம் பிறந்தது. மறுநாள் மேலதிகாரி வந்து நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். ஏனெனில் அந்த இடைவெளி நாள்தோறும் அமைவதில்லை. ஒரு சாளரம், ஒரு பதிவேடு என்று அக்காலத்தார் வைத்திருந்தது இதற்காகவே.

கணிப்பொறிக்குள் நிகழ்வதும் இதுவே. வேற்றுமை யாதெனின், நம் குமாஸ்தாவின் இடைவெளி ஒரு நிமிடம். கணிப்பொறியின் இடைவெளி ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறினும் சிறியதாக இருக்கலாம். ஆயிரம் முறை ஓட்டினாலும் பிழை தலை காட்டாது. ஆயிரத்தோராம் முறை தலை காட்டிவிட்டு மறையும். அம்மையாரின் மகள் மூன்று வாரம் தேடியதன் காரணம் இதுதான். அழித்தது இருபது வரியாயினும், எந்த இருபது என்று காண்பதற்கே அத்தனை நாளும் ஆயின.

பந்தும் வளையமும்

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரு வண்டிகள் புகாமல் காப்பதற்கு நம் இருப்புப்பாதையில் நெடுங்காலம் வழங்கிய முறை டோக்கன் முறையாகும். நீல் என்பவர் பெயரால் அழைக்கப்படும் பந்து டோக்கன் கருவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. உள்ளே உருக்குப் பந்துகள். இரண்டும் மின் கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஒரு கருவிக்குள் திரும்பப் போடப்படும் வரையில் எந்தப் பக்கத்திலும் இன்னொரு பந்து வராது. அப்பந்தைப் பையிலிட்டு வளையத்தில் மாட்டி வண்டி ஓட்டுநரிடம் நீட்டுவர். பந்து கையில் இல்லாத ஓட்டுநர் அத்தடத்தில் வண்டியைச் செலுத்தலாகாது. பல இடங்களில் இன்று புதிய கருவிகள் வந்துவிட்டன, தத்துவம் மாறவில்லை.

கணிப்பொறி அறிஞர்களும் இதே தத்துவத்தைத்தான் கைக்கொண்டனர். ஹாலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-களின் முற்பகுதியில் இதற்கொரு வழி வகுத்தார். ஒரு பொதுப் பொருளைத் தொட விரும்பும் வேலை முதலில் அனுமதி பெறவேண்டும். முடித்தபின் அனுமதியைத் திருப்பித் தரவேண்டும். நடுவில் வருவோர் காத்திருக்கவேண்டும். அவர் இதற்கு வைத்த பெயர் 'செமஃபோர்'. நம் நிலையங்களில் கை தாழ்த்தி நின்ற அதே கைகாட்டி மரத்தின் பெயர்! இருப்புப்பாதையின் வழியாக இதனை விளக்குவது பொருத்தமே என்று நாம் சொன்னது இதனால்தான்.

இன்று இயக்குதளங்களில் பலவகைப் பூட்டுகள் உள்ளன. அவற்றுள் 'ஸ்பின் லாக்' என்பது ஒன்று. கதவு பூட்டியிருந்தால், வந்தவர் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்று "திறந்தாயிற்றா, திறந்தாயிற்றா" என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஆகவே உள்ளே இருப்பவர் நொடியும் தாமதியாது வேலையை முடித்து வெளியேற வேண்டும் என்பது விதி.

மேசையடிக் கோணி

இனி, உண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் இயக்குதளத்தில் 'என்-எச்.டி.எல்.சி.' என்றொரு இயக்கி உண்டு. தொடர்புக் கம்பி வழியாகச் செய்திகளைக் கட்டுக்கட்டாக அனுப்புவது அதன் பணி. 2009 ஜூன் 22 அன்று அதில் சேர்க்கப்பட்ட ஒரு புதிய வசதியோடு ஒரு பந்தய நிலையும் உட்புகுந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அலெக்ஸாண்டர் போப்போவ் என்னும் உருசிய ஆய்வாளர் அதனைக் கண்டறிந்து, திருத்தமும் எழுதி அளித்தார். 2017 மார்ச் 7 அன்று செய்தி வெளிவந்தது.

பிழையின் தன்மையைப் பார்சல் அலுவலகம் ஒன்றைக் கொண்டு விளக்குவோம். செய்திகளை இட்டு அனுப்பும் நினைவகத் துண்டுகளைக் கோணிகள் என்று கொள்க. அனுப்ப வேண்டிய கோணிகள் ஒரு வரிசை. காலிக் கோணிகள் ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் தனித்தனிப் பூட்டு உண்டு. ஆகவே வரிசைகளில் குழப்பம் இல்லை. குமாஸ்தா ஒரு கோணியை வரிசையிலிருந்து எடுத்து வண்டியில் ஏற்றப் பார்க்கின்றார். வண்டியில் இடம் இல்லை. இப்போது அக்கோணியை என்செய்வது? பழைய இயக்கியில் அதனை வரிசைக்குத் திருப்பவில்லை. 'டிபஃப்' என்று பெயரிட்ட தனி இடம் ஒன்றில், சொல்லப்போனால் மேசையடியில், தள்ளி வைத்தனர். அடுத்த வண்டி வரும்போது முதலில் மேசையடிக் கோணியை ஏற்றவேண்டும் என்பது ஏற்பாடு.

குமாஸ்தா ஒருவராக இருந்த வரையில் இதனால் தீங்கில்லை. 2009-இல் சேர்த்த புதிய வசதி யாதெனின், "அனுப்பாமல் கிடப்பவற்றை எல்லாம் கொட்டிவிட்டுக் கோணிகளைக் காலி செய்க" என்னும் கட்டளையாகும். அதை நிறைவேற்ற இரண்டாவது குமாஸ்தா வந்தார். அவர் வரிசையைக் காலி செய்தார். மேசையடியிலும் கை விட்டார். அங்கிருந்த கோணியை எடுத்துக் காலி வரிசையில் எழுதினார். அதே கணத்தில் முதல் குமாஸ்தா அதே கோணியை வண்டியில் ஏற்றி முடித்து, "அனுப்பியாயிற்று, கோணி காலி" என்று தாமும் எழுதினார். கோணி ஒன்று; கணக்கில் இரண்டு.

இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இரண்டாம் குமாஸ்தா பூட்டைப் போட்டுக்கொண்டே மேசையடியில் கை விட்டார். முதல் குமாஸ்தாவோ மேசையடியைத் தொடும்போது பூட்டைக் கருதவே இல்லை. ஒருவர் மட்டும் மதிக்கும் பூட்டு பூட்டாகாது. ஒரு நிலையத்தில் பந்து பெற்று வண்டி விட்டு, மறு நிலையத்தில் பந்தின்றியே வண்டி விட்டால் டோக்கன் முறையால் என்ன பயன்?

அலுவலகம் மூடும்போது காலிக் கோணிகளை எல்லாம் கிடங்கிற்குத் திருப்பித் தருவர். கணக்கில் இருமுறை இருப்பதால் அந்த ஒரே கோணி இருமுறை திருப்பப்படுகின்றது. கிடங்கியார் அதனை இரு வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடக்கூடும். அவர்களுள் ஒருவர் அதிகாரி, மற்றவர் வஞ்சகர் என்றால்? அதிகாரி தம்முடையது என்று நம்பி வைத்திருக்கும் கோணிக்குள் வஞ்சகர் தாம் எழுதிய ஆணையைச் செருகிவிடுவார். அதிகாரி அதனைத் தம் ஆணை என்றே எண்ணி நிறைவேற்றுவார். அந்தக் கணிப்பொறியில் எவ்வித அதிகாரமும் இல்லாத சாதாரணப் பயனர் ஒருவர் இவ்வழியே முழு அதிகாரியாகிவிடலாம் என்பதைப் போப்போவ் செய்தே காட்டினார். அந்தத் தொடர்புக் கருவி அக்கணிப்பொறியில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. சாதாரணப் பயனர் கேட்டாலே இயக்கி தானாக எழுந்து வரும்படி பல லினக்ஸ் வெளியீடுகளில் அமைத்திருந்தனர்.

பிழை கண்ட விதமும் அறியத்தக்கது. 'சிஸ்காலர்' என்று ஒரு சோதனைக் கருவி உண்டு. கூகுள் நிறுவனத்தார் உருவாக்கியது. அது இயக்குதளத்திடம் முன்பின் தொடர்பில்லாத கோரிக்கைகளை ஓயாது அள்ளி வீசி, எங்கேனும் தடுமாறுகின்றதா என்று பார்க்கும். அது கிளப்பிய ஒரு தடுமாற்றமே துப்பாயிற்று. பின்னர்த் தொடர்புக் கம்பியை வேண்டுமென்றே நிறுத்தி, ஒரு கோணியை மேசையடிக்குப் போகச் செய்து, ஒரு புறம் "காலி செய்க" என்றும் மறுபுறம் "ஓட்டுக" என்றும் ஒரே வேளையில் கட்டளையிட்டுப் பிழையை வரவழைத்தனர். தானாக வராத இடைவெளியைத் தாமே அமைத்துக்கொள்வதுதான் இத்தொழிலின் பாதித் திறமை.

பூட்டு மட்டும் போதுமா?

இதற்குத் தீர்வு யாது? எளிய வழிகள் இரண்டு உடனே தோன்றும்.

ஒன்று, சற்றுத் தாமதம் சேர்ப்பது. முதல் குமாஸ்தா ஒரு நொடி பொறுக்கட்டும் என்பது. இதனால் பிழை அரிதாகுமே ஒழிய அற்றுப்போகாது. ஆயிரத்தில் ஒன்று என்பது கோடியில் ஒன்று ஆகும். தேடுவது மேலும் கடினமாகும்.

மற்றொன்று, கண்ட இடமெல்லாம் பூட்டுப் போடுவது. ஒருவர் முதற்பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாம் பூட்டுக்குக் காத்திருக்க, மற்றவர் இரண்டாம் பூட்டை வைத்துக்கொண்டு முதற்பூட்டுக்குக் காத்திருந்தால், இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பர். அதற்கு 'டெட்லாக்' என்று பெயர். பூட்டுகளின் வரிசை தவறுகின்றதா என்று கண்டு சொல்லவே லினக்ஸில் 2006 முதல் 'லாக்டெப்' என்றொரு கண்காணிப்பு இருக்கின்றது என்றால், இத்தொல்லை எத்தகையது என்று உணரலாம்.

போப்போவ் செய்தது வேறு. மேசையடி என்னும் அந்தத் தனி இடத்தையே எடுத்துவிட்டார். அவரது திருத்தத்தில் 'டிபஃப்' இல்லை. ஏற்ற முடியாத கோணி, அனுப்ப வேண்டிய வரிசைக்கே, அதுவும் தலைமாட்டிற்கே திரும்பிவிடும். அவ்வரிசைக்குப் பூட்டு ஏற்கெனவே உண்டு. இயக்கியில் கைப்பட எழுதி வைத்திருந்த பட்டியல் முறையையும் நீக்கி, லினக்ஸ் முழுவதும் வழங்கும் பொதுப் பட்டியல் முறையை வைத்தார். இனிக் கோணி வரிசையில் இருக்கும். அன்றேல் ஒரே ஒரு குமாஸ்தாவின் கையில் இருக்கும். காலி செய்ய வந்தவர் வரிசையில் உள்ளதை மட்டும் எடுப்பார். பிறர் கையில் உள்ளது அவர் கண்ணுக்கே தெரியாது. புதுப் பூட்டு ஒன்றும் வாங்கவில்லை. பூட்டுக்கு வெளியே இருந்த இடத்தை ஒழித்தார். அம்மையாரின் மகள் திருத்தியது எந்த நிரல் என்பதை நாம் அறியோம்; ஆயினும் எழுதியதை அழிப்பது எங்ஙனம் வேலையாகும் என்ற கேள்விக்கு இது விடையாகும்.

திருத்தம் வந்து சேரும் வரையில் பொறுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்ட இடைக்கால வழியும் எளியதே. அந்த இயக்கி தங்களுக்கு வேண்டாதது எனில், அது எழுந்து வராதபடி தடுத்துவிடுக என்பது. பயன்படாத அறையைப் பூட்டி வைப்பது போன்றது.

இவையெல்லாம் கணிப்பொறியோடு போகும் செய்தி என்று எண்ணற்க. 'தெராக்-25' என்னும் கதிர்மருத்துவக் கருவியால் 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். காரணங்களுள் ஒன்று பந்தய நிலை. இயக்குபவர் கட்டளையைத் தட்டிவிட்டு, சில நொடிகளுக்குள் விரைந்து திருத்தினால், திரையில் ஒன்றும் கருவியில் மற்றொன்றுமாக நின்றுவிடும். கை பழகப் பழக இயக்குபவர் விரைந்தார். அப்போதுதான் பிழை வெளிப்பட்டது. அதற்கு முந்திய கருவியான 'தெராக்-20' நிரலிலும் இப்பிழை இருந்தது. ஆனால் அதில் நம் பந்துக் கருவியைப் போன்ற இயந்திரத் தடை தனியே இருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. புதிய கருவியில் அத்தடையை நீக்கி, நிரலை மட்டுமே நம்பினர். சேமித்தது சிறு செலவு. இழந்தது மனித உயிர்.

நிற்க. நம் இளைஞர்களுக்கு இரு சொல். பூட்டைத் தேடுமுன், பொருள் எத்தனை இடங்களில் கிடக்கின்றது என்று எண்ணுக. பின்னர், பூட்டைக் கருதாமல் அதனைத் தொடும் கை ஏதேனும் உண்டா என்று பார்க்க. 2020 முதல் லினக்ஸில் 'கே.சி.சான்' என்னும் கருவி இத்தகைய மோதல்களைக் காட்டிக் கொடுக்கின்றது. பயில விரும்புவோர் அதனைப் பழகுவது நலம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் கைப்பேசி "புதுப்பிக்கலாமா?" என்று கேட்கும்போது நாளை நாளை என்று தள்ளாதீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் லினக்ஸே. அந்தப் புதுப்பிப்பினுள் இத்தகைய திருத்தங்கள் இருக்கும். எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளை உறக்கம் விழித்துத் தேடியது அதில் இருக்கும். உங்கள் பிள்ளை "இன்று ஒன்றும் எழுதவில்லை, பிழையைத் தேடினேன்" என்று வந்தால், "எந்தக் கோணி, எந்த மேசையடி?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கும்.

அடுத்த திங்கள், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி குறித்து மூன்று அன்பர்கள் கேட்டிருப்பதற்கு விடை எழுதுவோம்.